நலவாழ்வுப் பக்கத்தில் விடுபடும் அந்த இரண்டாவது வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் 'ஏழே நாளில் ஐந்து கிலோ' என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. பழச்சாறு, காய்ச்சாறு, எலுமிச்சை பிழிந்த வெந்நீர், இவற்றை மட்டும் குடித்து ஒரு வாரம் ஓட்டினால் உடம்பில் சேர்ந்த நச்செல்லாம் வெளியேறிவிடும், எடையும் ஐந்து கிலோ இறங்கிவிடும் என்று போட்டிருந்தீர்கள். நான் ஒரு மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமை என் அறைக்கு வந்தவர்களில் பலர் உட்கார்ந்ததும் கேட்டது இதைத்தான். "பேப்பர்லயே போட்டிருக்காங்களே மேடம்!" வாட்ஸ்அப்பில் வந்தது என்றால் அவர்களே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள். அச்சில் வந்துவிட்டால் முடிந்தது கதை, அப்புறம் நான் என்ன சொன்னாலும் எதிர்க்கட்சிதான். அதனால்தான் இந்த நீளமான கடிதம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாறுகளைக் குடித்தால் எடை இறங்காது என்று நான் சொல்லவே மாட்டேன். இறங்கும், முதல் மூன்று நாளிலேயே தராசில் தெரியும். நம் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற வடிவில் மாவுச்சத்தைக் கொஞ்சம் இருப்பு வைத்திருக்கின்றன, பெரியவர்களுக்கு ஏறக்குறைய அரை கிலோ. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்தவுடன் உடம்பு முதலில் கைவைப்பது இந்த இருப்பில்தான், அது கரையக் கரையத் தண்ணீரும் போய்விடுகிறது. குடலும் காலியாக இருக்கும். கொழுப்பு என்ன ஆயிற்று என்றால், அது கணக்குக்குக் கட்டுப்பட்டது. ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். ஒரு நாளைக்கு 2,000 கலோரி செலவழிக்கும் ஒருவர், சாறுகூட வேண்டாம், ஏழு நாளும் பச்சைத் தண்ணீர் மட்டுமே குடித்தாலும் செலவாவது 14,000 கலோரி, அதாவது இரண்டு கிலோவுக்கும் குறைவான கொழுப்பு. அப்படியென்றால் மீதி மூன்று கிலோ? பெரும்பாலும் தண்ணீர், எட்டாம் நாள் ஒழுங்காகச் சாப்பிட உட்கார்ந்ததும் அது வீடு திரும்பிவிடும். உங்கள் கட்டுரையில் முதல் வரி இருந்தது, 'எடை குறையும்' என்ற வரி. இரண்டாவது வரியைத்தான் காணோம். உணவைப் பற்றிய கட்டுக்கதைகளில் பாதிக்கு மேல் சுத்தப் பொய் கிடையாது, பின்பாதியை வெட்டிவிட்ட உண்மைகள் என்பதுதான் இத்தனை வருட வேலையில் எனக்குப் பட்டது.

நச்சு வெளியேறும் என்ற பகுதிக்கு அந்த அளவுக்குக்கூட மரியாதை கொடுக்க முடியாது. எந்த நச்சு? பெயர் என்ன? சாறு குடிப்பதற்கு முன்னால் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது, பின்னால் எவ்வளவு இருக்கிறது? இந்த 'டீடாக்ஸ்' விற்பவர்கள் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, வேண்டியதை ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியே தள்ளுகின்றன. கல்லீரல் தன் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை எடுப்பதில்லை. இந்த இரண்டும் உண்மையிலேயே வேலை செய்யாமல் போனால் ஆளை ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும், எலுமிச்சை பிழிந்து சரிசெய்ய முடியாது. இன்னொன்று, பழத்தைப் பிழிந்து சக்கையைக் கொட்டிவிட்டால் போவது நார்ச்சத்து, மிஞ்சுவது இனிப்புத் தண்ணீர். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி வெளியிட்ட வழிகாட்டுதலில், தேனையும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் மேசைச் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. முழுப் பழம் அந்தக் கணக்கில் வராது.

ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி என்ன ஆகிவிடப் போகிறது என்று என் வீட்டில் கேட்டார்கள். நிறையவே ஆகும். உணவு பற்றிய மிகப் பெரிய பயங்களில் ஒன்று அப்படி ஒரு கடிதத்தில்தான் பிறந்தது. 1968 ஏப்ரலில் ராபர்ட் ஹோ மான் குவோக் என்ற மருத்துவர் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்காவில் சீன உணவகங்களில் சாப்பிட்டால் தனக்குக் கழுத்தின் பின்புறம் மரத்துப்போகிறது, உடம்பு தளர்கிறது, நெஞ்சு படபடக்கிறது, இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது, காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டிருந்தார். சோயா சாஸாக இருக்கலாம், சமையலுக்கு ஊற்றும் வைனாக இருக்கலாம், மோனோசோடியம் குளூட்டமேட்டாக இருக்கலாம், உப்பு அதிகமானதால்கூட இருக்கலாம் என்று அவரே நாலைந்து சந்தேகங்களையும் அடுக்கியிருந்தார். யாராவது ஆராய்ந்து பார்த்தால் நன்றாக இருக்கும் என்ற தொனியில் எழுதப்பட்ட கடிதம் அது. அந்தச் சந்தேகங்களில் ஒன்றை மட்டும் உலகம் பிடித்துக்கொண்டது. நாம் அஜினமோட்டோ என்று சொல்லும் அந்த வெள்ளைப் பொடி விஷமாகிவிட்டது.

குளூட்டமேட் என்பது தக்காளியில் இருக்கிறது, பாலாடைக்கட்டியில் இருக்கிறது, தாய்ப்பாலில் இருக்கிறது. ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா 1908இல் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்து, சுவைக்குக் காரணம் இதுதான் என்று கண்டுபிடித்த பொருள். பின்னாளில், எனக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று சொன்னவர்களையே கூட்டி, எது உண்மையான பொடி, எது வெறும் பொடி என்று கொடுப்பவருக்கும் தெரியாமல், வாங்குபவருக்கும் தெரியாமல் சோதித்துப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் பெரிய அளவாகக் கொடுத்தபோது சிலருக்குத் தலைவலி மாதிரி ஏதோ வந்தது. ஆனால் அதே ஆளுக்கு இன்னொரு நாள் கொடுத்தால் வரவில்லை, உணவோடு சேர்த்துக் கொடுத்தபோதும் வரவில்லை. அதற்காகக் கரண்டி கரண்டியாக அள்ளிப் போடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அதிலும் சோடியம் உண்டு, சாதாரண உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இரண்டையும் பார்த்துத்தான் போட வேண்டும். நான் பார்த்தவரையில் அஜினமோட்டோவுக்குப் பயப்படும் வீடுகளில் உப்புக்கு யாரும் பயப்படுவதில்லை. உப்பின் கையால் இறப்பவர்கள் எத்தனையோ பேர், பழி மட்டும் பக்கத்து டப்பாவுக்கு.

டயட் என்று இன்று நாம் சொல்லும் சமாச்சாரம் பரவியதற்கும் ஒரு கடிதம் காரணம். 1863இல் லண்டனில் வில்லியம் பேன்டிங் என்பவர், சவப்பெட்டி செய்து இறுதிச் சடங்கு நடத்தித் தரும் தொழில் செய்தவர், குண்டாக இருந்து தான் பட்ட பாட்டையும் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் விட்டு ஒரு வருடத்தில் ஏறக்குறைய 20 கிலோ இளைத்ததையும் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் என்று சொந்தக் காசில் அச்சடித்துக் கொடுத்தார். ஒயினை மட்டும் விடவில்லை, அது வேறு விஷயம். இன்றைக்கு 'புத்தம் புதிய அறிவியல் கண்டுபிடிப்பு' என்று ரீல்ஸில் வரும் மாவுச்சத்துக் குறைப்பு டயட்டுகளை அவர் எழுந்து வந்து பார்த்தால் சிரிப்பார். மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, பெரும்பாலும் கொழுப்பையே சாப்பிடச் சொல்லும் கீட்டோவும் அப்படித்தான். 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரசல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்கு ஒரு சிகிச்சையாக முன்வைத்த உணவுமுறை அது. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இப்போதும் கொடுக்கிறார்கள், மருத்துவர் பக்கத்தில் இருந்து, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே. கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று தானாகவே ஆரம்பிப்பது வேறு.

சரி, எந்த டயட்தான் நல்லது என்பீர்கள். 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானது. 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொழுப்பைக் குறைத்தார்கள், மறு குழுவுக்கு மாவுச்சத்தைக் குறைத்தார்கள். பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் குழு சராசரியாக 5.3 கிலோ இறங்கியிருந்தது, இரண்டாவது 6 கிலோ. புள்ளியியல் கணக்கில் இதை வித்தியாசம் என்றே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளேயும் சிலர் 30 கிலோ வரை இறங்கியிருந்தார்கள், சிலர் 10 கிலோ ஏறியிருந்தார்கள்! இதை எழுதிய பத்திரிகைகள் பலவும் 'இரண்டும் ஒன்றுதான்' என்ற வரியோடு நிறுத்திக்கொண்டன. அடுத்த வரி இதுதான்: இரண்டு குழுவுக்கும் பொதுவாக, சர்க்கரையைக் குறையுங்கள், தீட்டிய மாவைக் குறையுங்கள், காய்கறியை நிறையச் சாப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இதில் பெயர் வைத்து விற்க ஒன்றும் இல்லை என்பதால்தானோ என்னவோ யாரும் பேசுவதில்லை. ரத்த வகைக்கு ஏற்ற டயட் என்று ஒன்று 1996இலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. டொரான்டோ பல்கலைக்கழகத்தில் அதையும் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். அதில் பரிந்துரைக்கும் சில உணவுமுறைகளால் கொஞ்சம் பலன் இருந்தது, எந்த ரத்த வகைக்காரர் சாப்பிட்டாலும் அதே பலன்தான். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

டயட் இருந்து தோற்றவர்கள் என் முன்னால் உட்கார்ந்து சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை மேடம்." இவர்களுக்கெல்லாம் நான் மினசோட்டா பல்கலைக்கழகத்து ஆய்வைச் சொல்வேன். இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45இல், ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் திடகாத்திரமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டுப் பார்த்தார், போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள. எல்லோரும் விருப்பப்பட்டு வந்தவர்கள், கொள்கைக்காகத் துப்பாக்கி ஏந்த மறுத்தவர்கள், மன உறுதிக்குக் குறைவில்லாத ஆட்கள். அவர்களுக்குக் கொடுத்தது ஒரு நாளைக்குச் சராசரியாக 1,570 கலோரி. சில மாதங்களில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து முடங்கினார்கள், எதிலும் நாட்டமில்லாமல் போனார்கள். உங்கள் கட்டுரையில் சொன்ன சாற்று டயட்டில் ஆயிரம் கலோரி தேறுமா என்பதே சந்தேகம். ஐந்தாம் நாள் ராத்திரி எழுந்துபோய்ச் சமையலறையில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் தின்ற பெண்ணைப் பார்த்து மனக்கட்டுப்பாடு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. உடம்பு செய்ய வேண்டியதை அது செய்தது.

ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீர் என்கிற கணக்கையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 1945இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் பொதுவாகப் போதுமானது என்று எழுதியது. இதில் பெரும்பகுதி நாம் சாப்பிடும் உணவிலேயே இருக்கிறது என்றும் கூடவே எழுதியிருந்தது. அந்தக் கூடவே எழுதியதுதான் காணாமல் போயிற்று. தாகம் எடுத்தால் குடிக்கலாம், வெயிலில் வேலை என்றால் கூடுதலாகக் குடிக்கலாம், சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் நிறையவே குடிக்க வேண்டும். இதயம் பலவீனமானவர்களில் பலருக்கோ தண்ணீரை அளந்துதான் கொடுப்பார்கள். அவர்கள் எட்டு டம்ளர் என்று படித்துவிட்டுக் குடித்தால் கால் வீங்கி, மூச்சுத் திணறி வந்து நிற்பார்கள்.

இப்போது நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம். சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மாவை மயக்க நிலையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். பல வருடமாகச் சர்க்கரை நோய், மாத்திரை போடுபவர். ரத்தச் சர்க்கரை ஐம்பதுக்கும் கீழே போயிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, கண் விழித்து, தேறி, மறுநாள் என்னிடம் அனுப்பினார்கள். என்னம்மா ஆச்சு என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பர்ஸைத் திறந்து மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஒரு நாளிதழில் வந்த கட்டுரை, எதில் என்று சொல்லப்போவதில்லை. பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். முக்கியமான இடங்களில் பேனாவால் கோடு போட்டிருந்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. அந்த அம்மா சொன்னபடி செய்திருக்கிறார், இரவு ஏழு மணிக்கு மேல் மறுநாள் பதினொரு மணி வரை ஒன்றும் சாப்பிடவில்லை. காலை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். மாத்திரையை நிறுத்தச் சொல்லி அதில் போடவில்லையே! அவர் போட்டுக்கொண்டிருந்தது கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அது கேட்காது. போட்டால் சர்க்கரையை இறக்கும்.

கட்டுரையின் அடியில் 'மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யவும்' என்று போட்டிருப்பார்களே என்று கேட்டேன். போட்டிருந்தார்களாம், கட்டத்துக்கு வெளியே பொடி எழுத்தில். கத்தரிக்கோலால் கட்டத்தின் ஓரத்தை ஒட்டி அழகாக வெட்டியெடுத்ததில் அது போய்விட்டது. அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். உயிர் காக்கும் வரியைக் கட்டத்துக்கு வெளியே வைத்தவர்களைத்தான் கேட்கிறேன். நேரம் வரையறுத்துச் சாப்பிடும் முறை எல்லோருக்கும் கெடுதல் என்று சொல்லவில்லை, சிலருக்கு அது நன்றாகவே பலன் தருகிறது. ஆனால் இன்சுலின் ஊசியோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவர் மருந்தின் அளவை மாற்றாமல் அதில் இறங்கக் கூடாது. கீட்டோவும் இப்படித்தான். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகள், 'ஃப்ளோசின்' என்று பெயர் முடியுமே, அவற்றைப் போட்டுக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தம் அமிலமாகிப் படுக்கவைத்துவிடும். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இது வரலாம் என்பதால் சட்டென்று கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

'இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது' என்ற வாக்கியம் உங்கள் பக்கத்தில் வாரம் தவறாமல் வருகிறது. கிரேப்ஃப்ரூட் என்று ஆரஞ்சுக் குடும்பத்துப் பழம் ஒன்று இருக்கிறது, இயற்கையானதுதான், ஆனால் கொலஸ்ட்ராலுக்குப் போடும் சில மாத்திரைகளைக் குடல் உடைக்கவிடாமல் தடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். தேன் இயற்கையானதுதான், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது, தசைகளைச் செயலிழக்கவைக்கும் பாட்டுலிசம் என்ற நோய் வர வாய்ப்பு இருக்கிறது. இளஞ்சிவப்பு உப்பு எண்பது தாதுக்கள் நிறைந்தது என்கிறார்கள், அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், மற்ற தாதுக்கள் பெயருக்கு. வீட்டில் அயோடின் கலந்த உப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு இதற்கு மாறினால் அயோடின் எங்கிருந்து வரும்? 1920களில் சுவிட்சர்லாந்தும் அமெரிக்காவும் உப்பில் அயோடின் கலக்க ஆரம்பித்தது கழுத்துக் கழலை ஊர் ஊராக இருந்த காரணத்தால்தான். இப்போது கழலை அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை என்பதால் உப்பில் அயோடின் எதற்கு என்று கேட்கிறார்கள்!

உணவில் இருந்தால் நல்லது, மாத்திரையாகப் போட்டால் இன்னும் நல்லது என்ற நம்பிக்கைக்கு ஃபின்லாந்தில் கிடைத்த அடி பெரியது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது, அவற்றில் பீட்டா கரோட்டின் என்ற சத்து இருக்கிறது, ஆகவே அதையே மாத்திரையாகக் கொடுப்போம் என்று புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தினார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. கேரட் சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது. 'கேரட்டின் சத்து முழுவதும் ஒரே மாத்திரையில்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் மட்டும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஞ்ஞானிகளும்தான் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள், நேற்று முட்டை கெடுதல் என்றார்கள், இன்று நல்லது என்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் வராது, நியாயமான கேள்விதான். 1968இல் அமெரிக்க இதய சங்கம் ஒரு நாளைக்குக் கொலஸ்ட்ரால் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, முட்டை வாரத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றது. பின்னால் பார்த்தால் நம் ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது, தட்டில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நெய், வெண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்புதான் அதை அதிகம் ஏற்றுகிறது என்று தெரிந்தது. 2015-2020 ஆண்டுகளுக்கான அமெரிக்க வழிகாட்டுதலில் அந்த 300 என்ற எண்ணை எடுத்துவிட்டார்கள். உடனே 'கொலஸ்ட்ராலுக்கு விடுதலை' என்று செய்தி போட்டார்கள். கொலஸ்ட்ராலை முடிந்தவரை குறைவாகவே சாப்பிடுங்கள், நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று அதே அறிக்கையில் இருந்ததை எத்தனை பேர் போட்டீர்கள்? விஞ்ஞானம் ஒரு அடி நகர்ந்தால் தலைப்பு பத்து அடி தாவுகிறது, திரும்பி வரும்போதும் பத்து அடி தாவுகிறது. மக்களுக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

கட்டுக்கதையை உடைக்கப் போகிறவர்களும் சும்மா இல்லை. பசலைக்கீரையில் இரும்புச்சத்து அதிகம் என்பதே ஒரு தசமப்புள்ளி இடம் மாறியதால் வந்த தவறு என்று எத்தனை மேடையில் கேட்டிருப்போம். 1981இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையால் பரவிய கதை அது. 2010இல் மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் தோண்டிப் பார்த்தார், அந்தத் தசமப்புள்ளிப் பிழைக்கே ஆதாரம் இல்லை. கீரையில் இரும்பு இருக்கிறது, ஆனால் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், வைட்டமின் சி உள்ள ஏதாவதோடு சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சுவாரசியம் இல்லாத உண்மை, அதனால் பரவவில்லை.

பத்திரிகைக்காரர்கள் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது 2015இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் செய்த வேலை. ஜெர்மனியில் சிலரைக் கூட்டி, மூன்று வாரம், ஒரு பிரிவுக்கு மாவுச்சத்துக் குறைந்த உணவு, ஒரு பிரிவுக்கு அதே உணவோடு தினம் ஒரு சாக்லேட், மூன்றாவது பிரிவு வழக்கம்போல. கடைசிவரை இருந்தவர்கள் மொத்தம் 15 பேர். அவர்களிடம் எடை, கொலஸ்ட்ரால், தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார்கள். இவ்வளவு சின்னக் கூட்டத்தில் இத்தனை விஷயங்களை அளந்தால் ஏதாவது ஒன்றில் தற்செயலாக வித்தியாசம் தென்படுவதற்கு வாய்ப்பு பாதிக்கும் மேல், கூரையைப் பார்த்துப் பதினெட்டுக் கல் எறிந்தால் ஒன்றாவது விழாதா? சாக்லேட் தின்றவர்கள் வேகமாக இளைத்தார்கள் என்று விழுந்தது. காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் ஒரு இதழில் போட்டார், ஒரு செய்திக்குறிப்பு அனுப்பினார். பல நாட்டுப் பத்திரிகைகள் வெளியிட்டன, ஜெர்மனியின் 'பில்ட்' நாளிதழில் முதல் பக்கத்திலேயே வந்தது. எத்தனை பேரை வைத்துச் சோதித்தீர்கள் என்று அநேகமாக யாரும் கேட்கவே இல்லை. அப்புறம் அவரே எல்லாவற்றையும் வெளியில் சொன்னார். சாக்லேட் சாப்பிட்டால் இளைக்கலாம் என்பதை மட்டும் இன்றைக்கும் என்னிடம் வந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. 'சிகரெட்டுக்குச் சமம்' என்று தலைப்பு வந்தது. அந்தப் பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை மட்டும்தான், ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை இல்லை. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றார்கள். நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடிய இடத்தில் அது ஆறு ஆகும், அவ்வளவுதான் அந்தப் பதினெட்டு. குறைத்துக்கொள்ள அது போதுமான காரணம், பீதிக்குப் போதாது.

புற்றுநோய் என்றதும் இன்னொன்று. 'சர்க்கரைதான் புற்றுநோய்க்குச் சாப்பாடு' என்ற செய்தி. 1920களில் ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை வழக்கத்தைவிட அதிகமாக இழுக்கின்றன என்று கண்டது உண்மை. ஆனால் குளுக்கோஸ் மூளைக்கும் வேண்டும், ரத்தச் சிவப்பணுக்களுக்கும் வேண்டும், நீங்கள் சாப்பிடாவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைத்தாவது அதைத் தயாரித்துக்கொள்ளும். கீமோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை அவர் மகன் அழைத்து வந்தார். எங்கேயோ படித்துவிட்டு அப்பாவுக்குச் சர்க்கரை, பழம், பால், அரிசி எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார், அவ்வளவும் பாசத்தில். பெரியவர் கையை மேசைமேல் வைத்தார், மோதிரம் கழன்று விழாமல் இருக்க அடியில் நூல் சுற்றியிருந்தது. அடுத்த கீமோவை டாக்டர் தள்ளிவைத்துவிட்டார், உடம்பு தாங்காது என்று. அந்த மகனிடம் எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று யோசிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உணவு பற்றி ஒரு ஆய்வைப் போடுகிறீர்கள் என்றால் எத்தனை பேர், எத்தனை நாள், எதோடு ஒப்பிட்டார்கள், யார் காசு கொடுத்தார்கள் என்று செய்தியிலேயே போடுங்கள். எலியில் செய்ததென்றால் எலி என்று தலைப்பிலேயே போடுங்கள். சதவீதம் போட்டால் நூறு பேரில் எத்தனை பேர் என்றும் போடுங்கள். யாருக்கு இது கூடாது என்ற வரி, கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரை மாத்திரை போடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் என்று விவரமாக, கட்டத்துக்கு உள்ளே, அதே எழுத்து அளவில் வரட்டும். எடை குறைக்கும் பொடி விற்பவரே எடை குறைப்பது எப்படி என்று கட்டுரையும் எழுதினால் அதற்கு விளம்பரம் என்று பெயர் போட்டுவிடுங்கள், படிக்கிறவர்கள் விவரம் தெரிந்து படிக்கட்டும். போன ஞாயிறு கட்டுரைக்கு நேர் கீழே இருந்த கால் பக்க விளம்பரத்தைத்தான் சொல்கிறேன். தவறென்று தெரிந்தால் திருத்தத்தையும் அதே பக்கத்தில் போடுங்கள், கடைசிப் பக்க மூலையில் வேண்டாம்.

கடிதம் நீண்டுவிட்டது, எப்படியும் சுருக்கத்தான் செய்வீர்கள் என்று தெரியும். பேன்டிங்கை வெட்டிக்கொள்ளுங்கள், பசலைக்கீரையை வெட்டிக்கொள்ளுங்கள், இடம் இல்லையென்றால் ஸ்டான்ஃபோர்டையும் தூக்கிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் பட்டினி இருப்பது பற்றிய பத்தியில் மட்டும் ஒரு வார்த்தைகூடக் கை வைக்காமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
உணவியல் ஆலோசகர்